பாடிக் கடன் தீர்த்த பால கந்தர்வர்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இம்மேடையில் ஆண்டுதோறும் பேராசிரியர்களும் புலவர்களும் வந்து பேசுவது வழக்கம். இவ்வாண்டு என்னைப் பேசுமாறு செயலாளர் பணித்தபோது, பெயர் மாறி அழைத்துவிட்டாரோ என்று ஐயுற்றேன். நான் பள்ளியிறுதித் தேர்வோடு படிப்பை நிறுத்திக்கொண்டவன். இருபத்திரண்டு ஆண்டுகளாக ரயில்வேயில் பார்சல் கணக்கு எழுதுகிறவன். கம்பனையும் வள்ளுவரையும் பற்றிப் பேச எனக்குத் தகுதி இல்லை. ஆயினும், வரவு எது, செலவு எது, நிலுவை எது என்று பார்க்கும் பழக்கம் ஒன்று எனக்கு உண்டு. அந்தப் பழக்கத்தைக் கொண்டு ஒரு கலைஞரின் வாழ்க்கையைப் பார்த்தேன். பார்த்ததை உங்கள் முன் வைக்கிறேன். குற்றம் இருப்பின் பொறுத்தருள வேண்டுகிறேன்.

அன்பர்களே! இந்தப் புனே நகரில் ஜங்லி மகராஜ் சாலை வழியாகச் சென்றவர் யாவரும் ‘பால கந்தர்வ ரங்க மந்திர்’ என்னும் நாடக அரங்கைக் கண்டிருப்பீர்கள். நான் இந்நகருக்கு மாற்றலாகி வந்த புதிதில் பேருந்திலிருந்து அப்பெயரைப் படித்தேன். ‘பால’ என்று இருப்பதால் குழந்தைகளுக்காகக் கட்டிய அரங்கம் போலும் என்று எண்ணிக்கொண்டேன். ஓராண்டு ஈராண்டு அல்ல. பதினோராண்டுகள் அவ்வாறே எண்ணியிருந்தேன். பிறர் ஊரில் வாழ்ந்து, அவர் சோற்றை உண்டு, அவர் தண்ணீரைக் குடித்து, அவர்கள் போற்றும் ஒரு பெருமகனின் பெயர்கூட அறியாமல் இருந்தேன் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

என் அறியாமையைப் போக்கியவள் என் மகள். அவள் சிறு வயதுமுதல் இவ்வூர் ஆசிரியை ஒருவரிடம் இந்துஸ்தானி சங்கீதம் கற்று வருகிறாள். சென்ற ஆண்டு கல்லூரிப் போட்டி ஒன்றில் மராட்டிய நாடகப் பாடல் பாடிப் பரிசு பெற்றாள். அதைக் கேட்ட நாடகக் குழுவினர் சிலர், ‘சுயம்வரம்’ என்னும் பழைய சங்கீத நாடகத்தில் ருக்மிணியாக நடிக்க அவளை அழைத்தனர். ஒரு நாள் கூத்து என்றால் நான் மறுத்திருக்க மாட்டேன். அவளோ, “அப்பா, பட்டம் வாங்கிய பிறகு இதையே தொழிலாக வைத்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன்” என்றாள்.

அன்றிரவு எங்கள் வீட்டில் யாரும் சரியாக உண்ணவில்லை. வங்கித் தேர்வுக்கான விண்ணப்பத்தை நான் அவள் முன் வைத்தேன். அவள் அதைத் தொடவில்லை. மாதம் முதல் தேதியில் சம்பளம் வரும் வீட்டில் வளர்ந்தவர்கள் நாம். மேடையை நம்பி வாழ்வது எவ்வாறு என்று எனக்கு விளங்கவில்லை. “நாடகக்காரர் யாராவது நன்றாக வாழ்ந்ததாகக் காட்டு, பார்க்கலாம்” என்று சற்றுக் கோபமாகவே கேட்டேன். அவள் சொன்ன பெயர்தான் பால கந்தர்வர்.

எங்கள் அலுவலகத்தில் பணியாற்றி ஓய்வு பெற்ற மராட்டியப் பெரியவர் ஒருவர் இருக்கிறார். நாங்கள் அவரைக் ‘காகா’ என்று அழைப்போம். மறுநாளே அவரிடம் சென்று, “இந்தப் பால கந்தர்வர் எப்படி வாழ்ந்தார், சொல்லுங்கள்” என்று கேட்டேன். அவர் உடனே பதில் சொல்லாமல், இரு கைகளையும் கூப்பிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பின்னர், “வாழ்ந்தாரா, கடன்பட்டாரா என்று கேட்டால் இரண்டும்தான்” என்றார். அன்று தொடங்கி அவர் சொல்லியும், நூல்களைத் தந்து படிக்கச் செய்தும், பழைய இசைத்தட்டுகளைக் கேட்கச் செய்தும் எனக்குக் கற்பித்தவற்றையே இன்று சொல்லப்போகிறேன்.

முதலில் வரவைப் பார்ப்போம்.

பால கந்தர்வரின் இயற்பெயர் நாராயண் ஸ்ரீபாத் ராஜஹம்ஸ். அவர் 1888ஆம் ஆண்டு ஜூன் 26ஆம் நாள் பிறந்தார். ஏறக்குறையப் பத்து வயதுச் சிறுவனாக இருந்தபோது இந்தப் புனேயில் அவர் பாடியதைக் கேட்ட லோகமான்ய திலகர், ‘பால கந்தர்வன்’ என்று சொல்லிப் பாராட்டினார். அப்பெயரே நிலைத்தது. திலகர் வாயால் பெற்ற பெயர் என்பதே அச்சிறுவனுக்கு வாழ்க்கையின் முதல் மூலதனம் எனலாம்.

அவர் எத்தகைய மேடைக்கு வந்தார் என்பதையும் சொல்ல வேண்டும். மராட்டிய நாடகம் 1843இல் சாங்லி நகரில் விஷ்ணுதாஸ் பாவே நடத்திய ‘சீதா சுயம்வரம்’ நாடகத்தோடு தொடங்கியதாகக் கொள்வர். 1880இல் இதே புனேயில் அண்ணாசாகேப் கிர்லோஸ்கர் ‘சங்கீத சாகுந்தலம்’ நாடகத்தை அரங்கேற்றினார். அதற்கு முன் சூத்திரதாரர் ஒருவரே பாட, நடிகர்கள் அவர் பாட்டுக்கு ஏற்ப நடிப்பர். கிர்லோஸ்கர் நாடகத்திலோ பாத்திரமே பேசிற்று, பாத்திரமே பாடிற்று. ஆதலால், நல்ல நடிகனாக இருந்தால் போதாது, நல்ல பாடகனாகவும் இருக்க வேண்டும் என்னும் நிலை பிறந்தது. பெண்கள் அம்மேடையில் ஏறாத காலம் அது. எனவே பெண் வேடத்தையும் ஆடவரே பூண்டனர். நம் தமிழ் நாடகக் கம்பெனிகளில் ‘ஸ்திரீபார்ட்’ என்று வழங்கியது இதுவே.

கிர்லோஸ்கர் கம்பெனியில் பெண் வேடத்துக்குப் புகழ்பெற்றிருந்த பாவுராவ் கோல்ஹட்கர் 1901இல் மறைந்தார். அந்த இடம் வெறுமையாக இருந்தது. இளைஞர் நாராயணனின் குரலை விரும்பிய கோல்ஹாப்பூர் மன்னர் சாஹு மகராஜ், அவருடைய காது நோய்க்கு மிரஜ் நகரில் மருத்துவம் செய்வித்தார். கம்பெனியில் அவர் சேர்வதற்கும் துணை நின்றார். 1905இல் நாராயணன் கிர்லோஸ்கர் கம்பெனியில் சேர்ந்தார். சகுந்தலையாக அவர் முதன்முதல் மேடை ஏறியதும் அந்த மிரஜில்தான். மிரஜ் சந்திப்பில் வண்டி மாறும் நம்மவர் எத்தனையோ பேர்! அடுத்த முறை அங்கே தேநீர் அருந்தும்போது இதனை நினைத்துக்கொள்ளுங்கள்.

அக்காலத்தில் ஒலிபெருக்கி கிடையாது. கடைசி வரிசையில் நாலணாச் சீட்டில் அமர்ந்தவனுக்கும் பாட்டின் சொல் விளங்க வேண்டும். நாடகம் இரவு தொடங்கினால் விடியும் வேளைக்கும் முடியாது. ஒவ்வொரு பாட்டுக்கும் ‘ஒன்ஸ்மோர்’ என்று கூவுவார்கள். மீண்டும் பாட வேண்டும். இரண்டாம் முறை பாடியதை மூன்றாம் முறை அப்படியே பாடினால் சபை ஒப்பாது. ராகத்தில் புதியதொரு வழி காட்ட வேண்டும். அதே வேளையில், தான் ஒரு கச்சேரி வித்துவான் அல்லன், சகுந்தலை என்பதையும் மறந்துவிடக் கூடாது. பால கந்தர்வரின் தனிச்சிறப்பு இங்கேதான் என்று காகா சொல்வார். அவர் ராகத்தைக் காட்டுவதற்காகச் சொல்லைச் சிதைக்கவில்லை. சொல்லின் துயரம் எதுவோ, ராகம் அவ்வழியே நடந்தது.

இது பிறவியிலேயே வந்த வரம் என்று எண்ணிவிட வேண்டா. பாஸ்கர்புவா பக்லே என்னும் பெரும் வித்துவானிடம் அவர் பயின்றார். பின்னாளில் தம் கம்பெனியில் ஆர்மோனியத்துக்குப் பதிலாகக் காலால் மிதித்து வாசிக்கும் ஆர்கனை வைத்தார். சாரங்கிக்குக் காதர்பக்ஷ், தபலாவுக்கு அகமத்ஜான் திரக்குவா ஆகியோரை அமர்த்தினார். இந்தியாவின் தலைசிறந்த தபலாக் கலைஞருள் ஒருவர் திரக்குவா. அவர் ஒரு நாடகக் கம்பெனியில் ஆண்டுக்கணக்கில் இருந்து வாசித்தார் என்றால், அந்த மேடையின் தரத்தை நீங்களே கணித்துக்கொள்ளலாம்.

இனி, அவர் கொடுத்த விலையைப் பார்ப்போம்.

1911ஆம் ஆண்டு மார்ச் 12ஆம் நாள் பம்பாயில் ‘மானாபமானம்’ என்னும் புதிய நாடகம் அரங்கேற இருந்தது. எழுதியவர் திலகரின் நெருங்கிய தொண்டரும் பத்திரிகையாளருமான கிருஷ்ணாஜி பிரபாகர் காடில்கர். இவர் முன்பு எழுதிய ‘கீசக வதம்’ நாடகத்தை, முன்னாள் வைசிராய் கர்சன் பிரபுவைக் கீசகனாகக் காட்டுவதாகக் கருதி, 1910இல் ஆங்கில அரசு தடை செய்திருந்தது. ஆகவே இந்தப் புது நாடகத்தை ஊரே எதிர்பார்த்தது. சீட்டுகள் விற்றாயின. பால கந்தர்வருக்குப் பாமினி என்னும் கதாநாயகி வேடம். அன்றைய தினமே அவருடைய பெண் குழந்தை இறந்துவிட்டது.

நாடகத்தைத் தள்ளி வைத்துவிடலாம் என்றே உடனிருந்தோர் கருதினர். அவர் இசையவில்லை. நாடகம் குறித்த நாளில் நடைபெற்றது. பாமினி சிரித்தாள்; ஊடினாள்; பாடினாள்; சபை ஆர்ப்பரித்தது. மேடையில் நின்றவருடைய நெஞ்சில் இருந்தது யாது என்று அந்த ஆர்ப்பரிப்பினூடே யார் அறிவார்?

அன்பர்களே! இந்தச் செய்தியைக் காகா சொன்னபோது எனக்கு அவர்மேல் வியப்பு எழவில்லை. உண்மையைச் சொன்னால், சினமே எழுந்தது. பெற்ற குழந்தையைவிட நாடகம் பெரிதா என்று கேட்டேன். காகா அமைதியாக, “நீங்கள் ரயில்வேக்காரர். வீட்டில் சாவு விழுந்த நாளில் வண்டியை ஓட்டிச் சென்ற டிரைவர் ஒருவரையும் உங்களுக்குத் தெரியாதா?” என்றார். நான் வாய் மூடிக்கொண்டேன். நமக்குத் தெரியும். மாற்று ஆள் வராததால், தந்தையின் இறுதிச் சடங்குக்கும் போக முடியாமல் கொடி காட்டி நின்றவரை இந்தக் காலனியிலேயே நாம் அறிவோம். அதைக் கடமை என்கிறோம். பாடுகிறவன் செய்தால் மட்டும் பைத்தியம் என்கிறோம். அது சரியன்று என்று எனக்கு அன்று விளங்கிற்று.

1913இல் பால கந்தர்வர், கோவிந்தராவ் டேம்பே, கணபதிராவ் போடஸ் ஆகிய மூவரும் பிரிந்து ‘கந்தர்வ நாடக மண்டலி’யைத் தொடங்கினர். பரோடா மன்னர் சயாஜிராவ் கெய்க்வாட் ஆதரவு தந்தார். கூட்டாளிகள் இருவரும் சில ஆண்டுகளில் அடுத்தடுத்து விலகிக்கொள்ள, கம்பெனியின் முழுப் பொறுப்பும் பால கந்தர்வர் தலைமேல் விழுந்தது.

அந்த ஆண்டுகளே அவருடைய பொற்காலம். 1916இல் ‘சுயம்வரம்’ அரங்கேறியது. இசை அமைத்தவர் அவருடைய குருநாதர் பாஸ்கர்புவா. ருக்மிணியாகப் பால கந்தர்வர் தோன்றினார். அவர் புடவை கட்டும் முறையையும், மூக்கில் அணியும் நத்தையும், கொண்டையில் பூச்சூடும் பாங்கையும் கண்டு, உயர்குடிப் பெண்கள் தம் வீடுகளில் அவ்வாறே செய்தனர். ஆணொருவரைப் பார்த்துப் பெண்கள் தம்மை அலங்கரிக்கக் கற்றனர் என்பது வேடிக்கை போல் தோன்றலாம். ஆனால், அவர் எவ்வளவு நுணுக்கமாகப் பெண்களைக் கவனித்து, எவ்வளவு மதிப்போடு மேடையில் நிறுத்தியிருந்தால் அவர்கள் தம்மையே அவரிடம் கண்டிருப்பார்கள் என்பதை எண்ண வேண்டும்.

1919இல் ராம் கணேஷ் கட்கரி எழுதிய ‘ஏகச் பியாலா’, அஃதாவது ‘ஒரே ஒரு கோப்பை’, அரங்கேறியது. நாடகம் மேடை ஏறுவதைக் காண ஆசிரியர் உயிரோடு இல்லை. சில வாரங்களுக்கு முன்னர்தான் காலமானார். மதுவால் அழியும் சுதாகர் என்னும் வழக்கறிஞரின் மனைவி சிந்துவாகப் பால கந்தர்வர் நடித்தார். ருக்மிணிக்குப் பட்டும் பொன்னும் உடுத்திய அவரே, சிந்துவுக்குக் கிழிந்து தைத்த முரட்டுப் புடவை கட்டி, திருகைக் கல்லின் முன் அமர்ந்து மாவரைத்தார். அழகுக்காகவே மக்கள் தம்மைப் பார்க்க வருகிறார்கள் என்று அறிந்தும், அந்த அழகைக் கழற்றி வைக்கத் துணிந்தார். பட்டுடுத்திய ருக்மிணிக்கு ஆர்ப்பரித்த அதே மக்கள், கிழிசல் உடுத்திய சிந்துவுக்காக விம்மி அழுதனர்.

நிற்க. கணக்கு எழுதுகிறவனுக்குக் கண்ணில் படும் இடத்துக்கு இப்பொழுது வருகிறேன்.

கம்பெனியின் செலவுக்கு எல்லையே இல்லை. மேடைக்கு உண்மையான பட்டு. திரைச் சீலைகளுக்கும் அரண்மனைக் காட்சிகளுக்கும் ஆயிரக்கணக்கில் பணம். அரங்கில் அத்தர் மணம். பெருங்கூட்டமாக நடிகர்களும் வாத்தியக்காரர்களும் எடுபிடிகளும் உண்ணும் பந்தி; வந்த விருந்தினர் எவரும் உண்ணாமல் போகக் கூடாது என்னும் கட்டளை. ஊர் விட்டு ஊர் ரயிலில் ஏற்றிச் செல்ல வேண்டிய சாமான்களோ மலைபோல் குவிந்திருக்கும். ஒரு பார்சல் குமாஸ்தாவாக அதை எண்ணிப் பார்த்தாலே எனக்குத் தலை சுற்றுகிறது! 1920இல் ‘திரௌபதி’ நாடகத்துக்காகப் பெருஞ்செலவு செய்தனர். வரவு அதற்கு ஈடாகவில்லை. 1921 வாக்கில் கணக்கைக் கூட்டிப் பார்த்தபோது லட்ச ரூபாயைத் தாண்டிய கடன் நின்றது. ஒரு குமாஸ்தாவின் மாதச் சம்பளம் சில பத்து ரூபாய்களாக இருந்த காலத்து லட்சம் அது!

இத்தகைய வேளையில் மனிதர் என்ன செய்வார்? கம்பெனியைக் கலைத்துவிட்டு ஊரைவிட்டுப் போயிருக்கலாம். கையை விரித்துவிட்டும் இருக்கலாம். பால கந்தர்வர் மீண்டும் முகத்துக்கு அரிதாரம் பூசினார். ஊர் ஊராகச் சென்றார். இரவு இரவாகப் பாடினார். ஏறக்குறைய ஏழெட்டு ஆண்டுகள், நாற்பது வயதை எட்டும் வரையில், பதினெட்டு வயதுப் பெண்ணாக வேடமிட்டுப் பாடிப் பாடியே அந்தக் கடனைத் தீர்த்தார்.

கடன் கழுத்தை நெரித்த அதே 1921ஆம் ஆண்டில் அவர் செய்த இன்னொரு காரியத்தையும் சொல்லாமல் விட்டால் கணக்கு முழுமை பெறாது. திலகர் சுயராஜ்ய நிதிக்காக, ஜூலை 8ஆம் நாள் பம்பாயில் ‘மானாபமானம்’ நாடகத்தைக் கூட்டு நாடகமாக நடத்தினர். எதிர்க் கம்பெனியின் முதல்வரும் மாபெரும் பாடகருமான கேசவராவ் போஸ்லே தைரியதரனாகவும், பால கந்தர்வர் பாமினியாகவும் நடித்தனர். போட்டிக் கம்பெனியார் இருவர் ஒரே மேடையில்! வருமானம் தேசத்துக்குச் சென்றது. தமக்கே கடன் இருக்கையில் பிறருக்காகப் பாடுவது கணக்கு நூலில் இல்லாத கணக்கு. அவ்வாண்டு அக்டோபரிலேயே கேசவராவ் இளம் வயதில் மறைந்துபோனார். அந்த ஓரிரவைக் கண்டவர்கள் வாழ்நாள் முழுவதும் அதைச் சொல்லிக்கொண்டிருந்தனர். காகாவின் தந்தையார் அவர்களுள் ஒருவர்.

இதன்பின் காலம் மாறிற்று. 1931இல் பேசும் படம் வந்தது. நம் தமிழிலும் ‘காளிதாஸ்’ அவ்வாண்டுதான் வந்தது. நாடகக் கொட்டகைகள் ஒவ்வொன்றாகப் படக் கொட்டகைகளாயின. பால கந்தர்வர் கம்பெனியை மூடிவிட்டு, பிரபாத் நிறுவனத்தாரோடு சேர்ந்தார். சாந்தாராம் இயக்கிய ‘தர்மாத்மா’ படம் 1935இல் வெளிவந்தது. அதில் அவர் ஏக்நாதர் என்னும் ஆண் வேடம் பூண்டார். முப்பது ஆண்டுகள் அவரைப் பெண்ணாகவே கண்டு பழகிய மக்களுக்கு அது ஒட்டவில்லை, அவருக்கும் ஒட்டவில்லை. எதிரே ரசிகர் இல்லாமல், ஓர் இயந்திரத்தின் முன் துண்டு துண்டாகப் பாடுவது அவருக்கு உவப்பாக இல்லை. மீண்டும் மேடைக்கே திரும்பினார். கோஹர்பாய் கர்நாடகி என்னும் பாடகி அவர் கம்பெனியில் சேர்ந்து பெண் வேடங்களை ஏற்றார். பின்னர் அவர் வாழ்க்கைத் துணைவியுமானார்.

முதுமை இரக்கம் காட்டவில்லை. அறுபதை அடைந்த பின்னரும் சில வேளை பெண் வேடம் பூண்டார். பழைய ரசிகர் சிலர் அதைக் கண்டு மனம் வருந்தினர். பின்னர்க் கால்கள் இயங்காமல் போயின. பல லட்சம் கையில் புரண்டவர் வசதி குறைந்து வாழ்ந்தார். 1955இல் சங்கீத நாடக அகாடமி விருதும், 1964இல் பத்ம பூஷண் விருதும் வந்தன. 1967ஆம் ஆண்டு ஜூலை 15ஆம் நாள் இந்தப் புனேயில் அவர் காலமானார். நான் குழந்தைகள் அரங்கம் என்று எண்ணியிருந்தேனே, அந்த ரங்க மந்திருக்கு 1962இல் அடிக்கல் நாட்டியவர் அவரே. 1968இல், அவருடைய பிறந்த நாளான ஜூன் 26 அன்று அது திறக்கப்பட்டது. அடிக்கல் நாட்டிய கையால் கதவைத் திறக்க அவர் இல்லை.

அன்பர்களே! கணக்கை இங்கே கூட்டிப் பார்த்தேன். பணக் கணக்குப்படி பார்த்தால் இருப்பு ஒன்றுமில்லை. “பார்த்தாயா, நான் சொன்னது சரியாயிற்று” என்று மகளிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவும் வாயெடுத்தேன். அன்று மாலை காகா வீட்டில் பழைய இசைத்தட்டு ஒன்றைப் பதிவு செய்து வைத்திருந்ததைக் கேட்டோம். மூன்று நிமிடத்துக்குள் முடிந்துவிடும் தட்டு. கரகரவென்ற ஓசைக்கு நடுவே அந்தக் குரல் எழுந்தது. மராட்டியச் சொற்களில் பாதி எனக்கு விளங்கவில்லை. என் மனைவி சமையற்கட்டுக்குப் போய் உதவலாம் என்று எழுந்தவள், கதவருகே அப்படியே நின்றுவிட்டாள். எண்பது வயதைக் கடந்த காகா கண்ணை மூடிக்கொண்டு தாளம் போட்டார். என் மகள் உடன் சேர்ந்து மெல்லப் பாடினாள். மறைந்து அறுபது ஆண்டுகள் ஆகப்போகும் ஒருவருடைய மூச்சு, அவரைக் கண்ணாலும் காணாத ஒரு தமிழ்ப் பெண்ணின் வாயில் ஓடிற்று. இந்த இருப்பை எந்தப் பத்தியில் எழுதுவது? எனக்குத் தெரியவில்லை.

நம்மவர் சிலர், “அது மராட்டியர் கலை, நமக்கென்ன?” என்று எண்ணலாம். அந்த எண்ணம் சரியன்று. தஞ்சையில் ஆண்ட மராட்டிய மன்னர்கள் இயற்றிய மராட்டிய நாடகங்கள் நம் சரசுவதி மகால் நூலகத்தில் இன்றும் ஏட்டில் உள்ளன. அவர்களுக்கு நம் ஊர் வீடாயிற்று. நமக்கு அவர்கள் ஊர் வீடாயிற்று. ஈதன்றி, பால கந்தர்வர் இங்கே பாடிய காலத்தில் அங்கே செங்கோட்டை கிட்டப்பா பாடிக்கொண்டிருந்தார். 1906இல் பிறந்து 1933இல், இருபத்தேழாம் வயதில், அந்தக் குரல் ஓய்ந்தது. அவர் துணைவியார் கொடுமுடி சுந்தராம்பாள் வெள்ளை உடுத்தி, கணவரை நினைந்தே எஞ்சிய வாழ்நாளைக் கழித்தார். 1935இல் ‘நந்தனார்’ படத்துக்கு ஒரு லட்ச ரூபாய் ஊதியம் பெற்றதும், ‘ஒளவையார்’ ஆக நம் நெஞ்சில் அமர்ந்ததும் யாவரும் அறிந்ததே. அவர் வறுமையில் ரயில் வண்டியில் பாடிய சிறுமி என்றும், திருச்சியில் ரயில்வே அதிகாரியாகவும் நாடகக் கலைஞராகவும் விளங்கிய எஃப். ஜி. நடேச ஐயர் அக்குரலைக் கேட்டு மேடைக்கு வழிகாட்டினார் என்றும் சொல்வர். ஆகவே, ரயில்வேக்காரனுக்கும் நாடகத்துக்கும் உறவு இல்லை என்று யாரும் சொல்ல முடியாது!

முடிவாக, என் வீட்டில் நடந்ததைச் சொல்லி அமர்கிறேன். மகளுக்கு இசைவு தந்தேன். ஆனால் இரண்டு நிபந்தனைகள் விதித்தேன். ஒன்று, குருவிடம் கற்பதை ஒரு நாளும் நிறுத்தக் கூடாது. திலகரே பெயர் சூட்டிய பின்னரும் பால கந்தர்வர் குருவின் முன் மாணவராக அமர்ந்தார். மற்றொன்று, கணக்கு எழுத வேண்டும். அந்தப் பெருமகனுக்கு எல்லாம் வாய்த்தது. ‘இந்த மாதம் இவ்வளவுதான்’ என்று சொல்லும் ஒரு நல்ல குமாஸ்தா மட்டும் வாய்க்கவில்லை. ஆகவே நானே ஒரு சிறு நோட்டு வாங்கிக் கோடு போட்டுக் கொடுத்திருக்கிறேன். இடப்பக்கம் வரவு, வலப்பக்கம் செலவு. வங்கித் தேர்வு விண்ணப்பத்தையும் அவளே மனமுவந்து நிரப்பி அனுப்பிவிட்டாள். “இரண்டும் இருக்கட்டும் அப்பா, எது என்னை இழுக்கிறது என்று பார்ப்போம்” என்றாள். எனக்கு அச்சம் முற்றிலும் நீங்கிவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் இப்பொழுது இரவில் அவள் சாதகம் செய்யும்போது நான் கதவைச் சாத்துவதில்லை.

உங்களுக்கும் ஒரு விண்ணப்பம் உண்டு. பால கந்தர்வர் சபையோரை ‘மாய்பாப்’ என்று அழைப்பாராம். தாயும் தந்தையும் நீங்களே என்று பொருள். கலைஞன் நம்மைத் தாய் தந்தை என்கிறான், நாமோ, “பாஸ் கிடைக்குமா?” என்று கேட்கிறோம். ரயில்வேயில் இருப்பதால் எங்கும் பாஸில் போய்ப் பழகிவிட்டோம்! அவர் பட்ட கடனில் அவருடைய ஊதாரித்தனத்துக்குப் பங்கு உண்டு என்பது மெய்யே. ஆயினும், இலவசமாகக் கேட்டு மகிழ்ந்துவிட்டு, எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டு போகும் நம் போன்றோருக்கும் எல்லா மேடைகளின் கடனிலும் ஒரு பங்கு உண்டு. நாளை நம் காலனிப் பிள்ளை எவனேனும், எவளேனும், எந்த மொழியிலேனும் மேடை ஏறினால், காசு கொடுத்துச் சீட்டு வாங்கிச் சென்று முன்வரிசையில் அமருங்கள். பாட்டு நன்றாக இருந்தால் ‘ஒன்ஸ்மோர்’ சொல்லுங்கள். நன்றாக இல்லாவிட்டால், அடுத்த முறையும் சீட்டு வாங்குங்கள்.

‘சுயம்வரம்’ நாடகம் நடைபெறும் நாளைச் செயலாளர் அறிவிப்புப் பலகையில் எழுதுவார். சீட்டு என்னிடம் கிடைக்கும். கடன் கிடையாது.